பிஸ்டனுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகப் பட்டையைச் செய்து நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். விரிந்த பட்டை சக்கரத்தில் எளிதாக ஏறும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி இறுகிக்கொள்ளும். கொல்லுப் பட்டறையில் நமக்கு உதவும் இதே வெப்ப விரிவு, கார் எஞ்சினுக்குள் பகையாகிவிடக்கூடும். சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டால், ஓடுகிற வண்டி நடுவழியில் நின்றுவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள்.

பழைய கார் ஒன்றில் டர்போசார்ஜர் பொருத்தினால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் அனுப்புகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், திறன் கூடும், கூடவே வெப்பமும் கூடும்.

பிஸ்டன் தலையில் குழி ஏன்?

அம்பாசடர் காரின் 1489 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 73 மி.மீ. ஒரு பிஸ்டன் ஒருமுறை நகரும்போது கடக்கும் பருமன் 372 க.செ.மீ. அழுத்த விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடம் 372 ÷ 8 = 46.5 க.செ.மீ.

டர்போவில் அழுத்தப்பட்ட காற்று 80° செ. வெப்பநிலையில், அதாவது 353 கெல்வினில், உள்ளே வருவதாகக் கொள்வோம். வெப்பம் வெளியேறாமல் அழுத்தினால் கெல்வின் வெப்பநிலை, விகிதத்தின் 0.4 அடுக்கால் பெருகும். விகிதம் 9 எனில் காற்று 577° செ. வரை சூடேறும், 7 எனில் 496° செ. மட்டுமே. சூடு மிகுந்தால் பெட்ரோல் கலவை தீப்பொறியால் சீராக எரிவதற்குப் பதில் தானாகவே ஆங்காங்கே வெடிக்கும். இந்த 'நாக்கிங்' பிஸ்டன் தலையையே உடைத்துவிடும்.

விகிதத்தை 7 ஆக்க மேலே 372 ÷ 6 = 62 க.செ.மீ. இடம் வேண்டும். எனவே பிஸ்டன் தலையில் 15.5 க.செ.மீ. குழி உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் கார் டர்போ இருந்தும் 10.25 விகிதத்தை வைத்துக்கொண்டது. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைச் சிலிண்டருக்குள் தெளிக்க வேண்டியிருந்தது. பலர் அதை நிரப்ப மறந்தார்கள். 1963-உடன் அக்கார் உற்பத்தி நின்றது. 1973-ல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ விகிதத்தை 6.9 ஆகக் குறைத்துக்கொண்டது.

சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையில்

பிஸ்டன் அலுமினியக் கலவை. அதன் நீள் விரிவெண் ஏறத்தாழ 0.000020. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதற்கு 0.000011. பிஸ்டனின் அடிப்பகுதி 30°-யிலிருந்து 130° ஆனால் 73 × 0.000020 × 100 = 0.146 மி.மீ. விரியும். சிலிண்டர் 100° ஆனால் 73 × 0.000011 × 70 = 0.056 மி.மீ. மட்டுமே விரியும். வேறுபாடு 0.09 மி.மீ. ஒரு தலைமுடியின் பருமன்தான்! தலைப்பகுதி இன்னும் சூடாவதால் அங்கே விட்டம் குறைவாகவே கடையப்பட்டிருக்கும்.

வார்ப்புப் பிஸ்டனில் சிலிக்கான் அதிகம். விரிவு குறைவு, ஆனால் அடி தாங்காது. அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜிங் பிஸ்டன் அடி தாங்கும். ஆனால் பெரும்பாலும் விரிவு அதிகம். டர்போவுக்கு அதுவே ஏற்றது. ஆனால் இடைவெளியைக் கூட்டி விட வேண்டும். குளிர்ந்த நிலையில் சற்றே 'டக் டக்' என்று தட்டும், சூடானதும் அடங்கும்.

ரிங் வாய் இடைவெளி

ரிங்கின் சுற்றளவு ஏறத்தாழ 229 மி.மீ. அது சுவரைவிட 100° கூடுதலாகச் சூடானால் 229 × 0.000011 × 100 = 0.25 மி.மீ. நீளும். டர்போவில் 150° எனில் 0.38 மி.மீ. வாயில் அவ்வளவு இடமில்லையென்றால் இரு முனைகளும் முட்டி, ரிங் சுவரைக் கீறும். பிஸ்டனின் விளிம்பும் பெயர்ந்துவிடும். இதனால்தான் விட்டத்தின் 0.004 பங்கு இடைவெளி விடும் இடத்தில், டர்போவுக்கு 0.006 பங்கு வரை, அதாவது 0.44 மி.மீ., விடுகிறார்கள்.

பட்டறையில் முறை

புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ லேத் பட்டறைக்குச் சென்றால் கவனியுங்கள். தேய்ந்த சிலிண்டரை முதலில் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடக்கூடாது. 0.020 அங்குலம் கூடுதலான ஓவர்சைஸ் பிஸ்டன்களை முதலில் வாங்கி, ஒவ்வொன்றையும் கட்ஜன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவுடன் இடைவெளியைக் கூட்டிச் சிலிண்டரைக் கடைய வேண்டும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் வாயை அளக்க வேண்டும். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது.

செய்து பாருங்கள்: 84 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் ரிங், சுவரைவிட 150° கூடுதலாகச் சூடாகிறது. குறைந்தது எவ்வளவு வாய் இடைவெளி வேண்டும்?

(விடை: ஏறத்தாழ 0.44 மி.மீ.)