காசநோய் ஆய்வகப் பரிசோதனை: முக்கியக் குறிப்புகள்

• காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. உலகக் காசநோய் நாளும் அதுவே. நோபல் பரிசு 1905.

• மாதிரி: ஆழ இருமி எடுத்த கெட்டிச் சளி. எச்சில் ஆகாது.

• சீல்-நீல்சன் முறை: கார்பால் ஃபுக்சின் ஊற்றி ஆவி வரும்வரை சூடாக்கு, கொதிக்க விடாதே. பிறகு கந்தக அமிலம், கடைசியில் மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள் தெரிந்தால் பாசிட்டிவ். அமிலம் பட்டும் சாயம் போகாததற்குக் காரணம் செல்சுவரின் மைக்கோலிக் அமிலம். அமில அளவு: காசநோய்க்கு 20%, தொழுநோய்க்கு 5%. இந்த இரண்டு எண்களில்தான் பலர் தடுமாறுவார்கள்.

• தரப்படுத்தல் (ஆயில் இம்மர்ஷன் லென்ஸ்): 100 புலங்களில் 1–9 கிருமி இருந்தால் 'ஸ்கேன்டி', எண்ணிக்கையையும் எழுத வேண்டும். 100 புலங்களில் 10–99 என்றால் 1+. புலம் ஒன்றுக்கு 1–10 என்றால் 2+. பத்துக்கு மேல் 3+. முதல் இரண்டும் நூறு புலங்களின் கூட்டு, அடுத்த இரண்டும் ஒரே புலத்தின் கணக்கு. கேள்வியில் இதைக் கவனிக்காமல் விட்டால் விடை மாறிவிடும்.

• 'நெகட்டிவ்' என்றால் கிருமியே இல்லை என்று பொருளல்ல. ஒரு மி.லி. சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் ஸ்மியரில் (சாயமிட்ட சளிப்பூச்சில்) சிக்கும். எக்ஸ்பெர்ட் மரபணுச் சோதனைக்குச் சுமார் 130 போதும். முடிவும் 2 மணி நேரத்தில். இதே வகை மரபணுச் சோதனைக்காகக் கோவாவில் உருவான ட்ரூநாட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஏற்றது.

• ஸ்மியருக்கும் மரபணுச் சோதனைக்கும் செத்த கிருமியும் ஒன்றுதான், உயிருள்ளதும் ஒன்றுதான். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க எக்ஸ்பெர்ட்டைப் பயன்படுத்தாததற்கு இதுவே காரணம். உயிருள்ளதை உறுதிசெய்வது கல்ச்சர்.

• லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகம்: முட்டை, கிளிசரால், மாலகைட் பச்சை (பிற கிருமிகளைத் தடுக்க). அகார் கிடையாது, முட்டையே உறைந்து கெட்டியாகிறது. வளர்ச்சி இல்லை என்று சொல்ல 8 வாரம் காத்திருக்க வேண்டும்.

• மருந்து எதிர்ப்பு மரபணுக்கள்: ரிஃபாம்பிசினுக்கு ஆர்பிஓபி, ஐசோநியாசிடுக்குக் கேட்ஜி, இன்ஹெச்ஏ.

• மான்டூ தோல் சோதனை: ஊசி போட்ட 48–72 மணி நேரத்தில் தடிப்பை அள, சிவப்பை அல்ல. தொற்று உண்டா என்றுதான் சொல்லும், நோய் உண்டா என்று சொல்லாது.

• காசநோய்க்கான ரத்த எதிர்ப்பொருள் சோதனைகளை இந்தியா 2012-இல் தடை செய்தது. இக்ராவும் ரத்தச் சோதனைதானே என்று குழம்ப வேண்டாம்: அது அளப்பது டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவை. அதுவும் மான்டூவைப் போலத் தொற்றை மட்டுமே காட்டும்.