பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகத் தொண்டையை யாரோ நெரிப்பதுபோல் குரல் அறுந்து அறுந்து வருகிறது. வருகைப் பதிவு எடுக்கும்போது ‘கார்த்திக்’ வந்துவிடுகிறது. ‘ஆனந்தி’, ‘அருண்’ மாட்டிக்கொள்கிறது. ஃபோன் அடித்தால் மகனிடம் நீட்டிவிடுகிறேன். ஆனால் மார்கழியில் திருப்பாவை தடையில்லாமல் பாடுகிறேன். அதனாலேயே வீட்டில், “எல்லாம் மனசுதான், தைரியமாப் பேசு” என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் கோழையா?

பதில்: இல்லை சகோதரி. பாட்டு வருகிறதே என்பதை வீட்டில் உங்களுக்கு எதிரான சாட்சியாக வைக்கிறார்கள். எங்களுக்கோ அதுதான் முக்கியமான துப்பு. ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா என்றொரு கோளாறு உண்டு. மூளை தரும் கட்டளை பிசகி, பேசும்போது குரல்நாண்கள் திடீரென்று இறுகிவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு எடுத்த எடுப்பிலேயே நாண்கள் அதிர வேண்டும், அங்கேதான் மாட்டும். பாடும்போதும் சிரிக்கும்போதும் கிசுகிசுக்கும்போதும் பலருக்கு இறுக்கம் தளர்ந்துவிடும். இதை மனக்கோளாறு என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் நினைத்திருந்தது. உங்கள் வீட்டாரை மட்டும் கோபித்து என்ன பயன்?

கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. தசை இறுக்கத்தால் வரும் குரல் கோளாறும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அது பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகும். காது மூக்கு தொண்டை மருத்துவரும் குரல் பயிற்சியாளரும் சேர்ந்து பார்க்கும் இடத்துக்குப் போங்கள். ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியாதான் என்றால் குரல்நாண் தசையில் போடோக்ஸ் ஊசி போடுவார்கள். முதல் ஓரிரு வாரம் குரல் காற்றாகப் போகும், தண்ணீர் புரையேறலாம். பிறகு சில மாதம் பேச்சு இலகுவாகும். அப்புறம் மறுபடி ஊசி.

இனி மனசு. பயத்தால் இந்த நோய் வருவதில்லை. ஆனால் நோய் பயத்தைக் கூட்டிவரும், பயம் கழுத்தை இன்னும் இறுக்கும். குரல் சரியானால் தைரியம் வந்துவிடும் என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி நன்றாக வேலை செய்யும் மாதத்திலும் ஃபோனை எடுக்க மாட்டார்கள். கை தவிர்த்தே பழகிவிட்டது. அதனால் இந்தக் குரலோடேயே ஆரம்பியுங்கள். முதலில் உடன்பிறந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, “குரல் இழுக்கும், நான் முடிக்கிறவரை பொறு” என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். அடுத்து பால்காரர். தலைமையாசிரியர் கடைசியில் போதும். மறைக்கும் பாரம் குறைந்தால் பேச்சு பாதி எளிதாகிவிடும். வகுப்புக்குக் காலர் மைக் வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஆனந்தியை மட்டும் எண் சொல்லிக் கூப்பிட வேண்டாம். (ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு எல்லாமே உயிரெழுத்துதான்!)

அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் டயான் ரேமுக்கு 1998இல் இதே நோய் என்று தெரிந்தது. குரலே பிழைப்பாக இருந்தும், ஊசி போட்டுக்கொண்டு 2016 வரை நிகழ்ச்சியை நடத்தினார்.

தூக்கம் கெட்டு, அழுகை அடங்காமல் இருந்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். மூன்று வருட அவமானத்துக்கும் மருந்து வேண்டும் அல்லவா?

மருத்துவரிடம் போகும்போது வருகைப் பதிவேட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பார்கள். ‘ஆ’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாமல், அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள்.