ஐப்பசிக் கலங்கலில் தூண்டில் போடுவது எப்படி?

ஐப்பசி மழை பிடித்து இரண்டு நாள் ஆனால் போதும், பள்ளிபாளையம் பக்கத்து ஏரி, குட்டைகளுக்குத் தூண்டிலோடு போனவர்களில் பாதிப்பேர் வெறுங்கையோடு வருவார்கள். "தண்ணி கலங்கிருச்சுங்க, இனி கொத்தாது" என்பார்கள். கலங்கலில் இரண்டு வகை உண்டு. மழையோடு மேலிருந்து வருவது ஒன்று; ஏரியின் அடியிலிருந்தே கிளம்புவது இன்னொன்று. முதலாவதில் மீன் நன்றாகவே கொத்தும். இரண்டாவதில் மீன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். எது எதென்று தெரிந்துகொண்ட பிறகு தூண்டிலை எடுங்கள்.

அடியிலிருந்து கிளம்பும் கலங்கல் வருவது இப்படித்தான்: வெயில் நாட்களில் தேங்கிய தண்ணீரின் மேல்பகுதி சூடாகி இலேசாக நிற்கும். அடிப்பகுதி குளிர்ந்து கனத்துக் கிடக்கும். இரண்டும் கலக்காததால், அடியில் இலைதழை மக்கி அங்கிருந்த பிராணவாயு தீர்ந்துவிடும். மோடம் போட்டு விடிய விடிய மழை அடித்தால் மேல்தண்ணீரும் குளிர்ந்து கீழே இறங்கும். கெட்ட தண்ணீர் சேற்றோடு மேலே வரும். குளிர்நாட்டு ஏரிகளில் இலையுதிர் காலத்தில் தண்ணீர் இப்படிப் புரள வாரக்கணக்கில் ஆகும். நம்மூரில் ஓர் இரவு போதும். 10 டிகிரித் தண்ணீர் 4 டிகிரிக்குக் குளிரும்போது எவ்வளவு கனம் கூடுமோ, ஏறக்குறைய அவ்வளவு கனம் நம் 30 டிகிரித் தண்ணீர் 29-க்கு இறங்கினாலே கூடிவிடும். அதனால் அந்த நாட்டுத் தூண்டில்காரர்களின் கணக்கு இங்கே உதவாது.

காவிரியிலும் தண்ணீர் இப்படிப் புரளும், ஆனால் எப்போதும் அல்ல. மேட்டூரில் நிறையத் திறந்துவிட்டால் ஓடப்பள்ளி கதவணைத் தேக்கத்திலும் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும், அடுக்கு நிற்காது. திறப்பைக் குறைத்து, ஆகாயத்தாமரை படர ஆரம்பித்தால் ஆறும் ஏரி மாதிரிதான்.

இனி சோதனை. விடியற்காலையில் போங்கள், பிராணவாயு மிகக் குறைவாக இருப்பது அந்நேரம்தான். முதலில் மீனைப் பாருங்கள். மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நின்றால், கல் எறிந்தாலும் விலகாமல் மந்தமாக இருந்தால், தண்ணீர் புரண்டிருக்கிறது. கரையில் குனிந்து மோந்தும் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது அடித்தண்ணீர். ஒரு சோடா பாட்டிலின் கழுத்தில் கயிறும் அடியில் கல்லும் கட்டுங்கள். வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். அடிவரை இறக்கி நூலைச் சுண்டினால் தக்கை கழன்று, குமிழி விட்டுக்கொண்டே பாட்டில் நிரம்பும். தூக்கியதும் உள்ளே தெர்மாமீட்டரை விடுங்கள். மதியம் மேலுக்கும் அடிக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருந்தால் அடுக்கு கலையாமல் இருக்கிறது, மழை வந்தால் ஆபத்து. அரை டிகிரிகூட இல்லையென்றால் கலந்தாயிற்று. என்னைக் கேட்டால், நூறு ரூபாய்க்கு இரை வாங்குவதைவிட இந்தப் பாட்டிலுக்குச் செலவிடும் பத்து நிமிஷம் பெரிது.

தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். 1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி கடலில் செய்தது இதைத்தான். தட்டு மறையும் ஆழம் 30 முதல் 40 சென்டிமீட்டர் என்றால் மீன் குட்டைக்கு நல்ல தண்ணீர். அதற்குள்ளேயே மறைந்தால் நிறத்தைக் கவனியுங்கள். செம்மண் நிறம் என்றால் மழைத்தண்ணீர். கறுப்போ சாம்பலோ கலந்த பழுப்பு என்றால் அடிச்சேறு. நீலம், சிவப்பு என்று இயற்கைக்கு ஒவ்வாத நிறம் தெரிந்தால் அது சாயக்கழிவு. அங்கே பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

செங்கலங்கல் என்றால் வரத்து வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்துக்குப் போங்கள். புழுவும் பூச்சியும் அடித்துவரும் இடம் அது. கெண்டையும் கெளுத்தியும் அங்கேதான் கூடும். எதுவும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் மீன் வாசனையைத்தான் தேடும், அதனால் மாவு உருண்டையைவிட மண்புழு நல்லது. தக்கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தி ஆழத்தைக் குறையுங்கள்.

அடிக்கலங்கல் என்றால் கட்லா, ரோகு, மிருகால் மூன்றையும் மறந்துவிடுங்கள். விராலும் தேளியும் நேரே காற்றைச் சுவாசிக்கக்கூடியவை, அவை மட்டும் கரையோரப் புல்லில் கொத்தும். குட்டை உங்களுடையது என்றால் அன்றைக்குத் தூண்டிலே வேண்டாம். தீவனத்தை நிறுத்தி, மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே உயரத் தூக்கி மழை மாதிரி மேலே தெளித்துவிடுங்கள். விழும்போது காற்று கலக்கும். முந்தைய நாள் சாணம் கரைத்து ஊற்றிய குட்டைதான் முதலில் சாகிறது. புரட்டாசி முடிவிலேயே சாணத்தை நிறுத்திவிட்டால் இந்த ஓட்டமே மிச்சம்.

நாலைந்து நாளில் நாற்றம் அடங்கும். வெயில் வந்தால் மேலேறிய சத்தில் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகும். இப்போது அடிவரை பிராணவாயு இருப்பதால் மீன் ஏரி முழுக்கப் பரவிக்கிடக்கும், ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கிடைக்காது. வாடைக்காற்று இரைப்பொடிகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் தெற்கு, தென்மேற்குக் கரையில் தொடங்குங்கள். மிருகாலுக்கு ஈயக்குண்டு சேர்த்து அடியில் இறக்கலாம். குத்தகை ஏரி என்றால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஆறு என்றால் கதவணை ஷட்டர் பக்கம் போகவே வேண்டாம், திறந்தால் கரையேற நேரம் இருக்காது.