கேமரன் மலை: தேயிலைச் சரிவுகளில் நடந்து அறியும் தமிழர் வரலாறு

ஸ்ட்ராபெரி பண்ணையிலும் தேநீர்க் கடையிலும் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். இரண்டு நாள் தங்குங்கள். மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் நடையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் கம்பளிச்சட்டையும் வழுக்காத காலணியும் அவசியம். மலேசியத் தலைநகர் கோலாலம்பூரிலிருந்து மலைமேலுள்ள தானா ராத்தா ஊருக்குப் பேருந்து உண்டு.

முதல் நாள்: ஹாபு

தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையில் ரிங்லெட்டைத் தாண்டினால் ஹாபு. 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு நிலைத்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது ஹாபுவில்தான். இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்து வளர்த்த கைகளில் பெரும்பாலானவை தமிழர்களுடையவை.

தோட்டத்துக்குள் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், கோவில், தமிழ்ப்பள்ளி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். உதவிப் பணம் கொடுத்து மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. அதன்பின் தோட்டங்களைத் தாங்கியவர்களில் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்; அந்தப் பள்ளிகளில் எழுத்துக் கற்றவர்கள்.

ஹாபுவிலிருந்து தானா ராத்தா செல்லும் வழியில் பாரத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதை 1933இல் இந்தியக் குடும்பம் ஒன்று தொடங்கியது. சாலையோரக் கடையில் தேநீர் குடித்துவிட்டுச் சரிவில் இறங்கி நடக்கலாம்.

இரண்டாம் நாள்: பிரிஞ்சாங், சுங்கை பாலாஸ்

காலையில் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோவிலில் கும்பிட்டுவிட்டுச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்புங்கள். அங்கே செல்லும் சாலை குறுகலானது. வாகனம் வந்தால் ஓரம் ஒதுங்குங்கள். இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தும் வேலையை அங்குள்ள ஆலையில் காணலாம். பார்வையாளர்களுக்கு எந்த நாள் விடுமுறை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்று சரிவில் கொழுந்து வெட்டுபவர்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிறைய. அன்று நம்மவர் கடல் கடந்து வந்ததைப் போலவே இவர்களும் பிழைப்புக்காக வந்தவர்கள். அவர்களுக்கும் வணக்கம் சொல்லுங்கள்.

லயம் என்பது மக்கள் குடியிருக்கும் வீடு. அனுமதி கேட்காமல் உள்ளே நுழையவோ படமெடுக்கவோ வேண்டாம். கோவில் வாசலில் பெரியவர் யாராவது இருந்தால், "ஐயா, எந்தத் தோட்டத்துல வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். துரை பங்களாக்களின் வரலாறு புத்தகங்களில் ஏறிவிட்டது. லயத்தின் வரலாறு இன்னும் இந்தப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர் சொல்வதைத் தோட்டப் பெயரோடும் ஆண்டோடும் எழுதிக்கொண்டு, அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு படி கொடுங்கள்.