பழைய சோலாரிஸ் கைக்கு வந்தால்

கரமனை,
திருவனந்தபுரம்

அன்புள்ள மக்கா,

கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பழைய சோலாரிஸ் சர்வர் ஒன்றை உன் பொறுப்பில் விட்டுவிட்டார்களாம். ராத்திரி நீ தூங்குவதே இல்லை என்று உன் அம்மை போனில் வருத்தப்பட்டாள். இந்த மெஷின்களோடு பல வருடம் கிடந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

யூனிக்ஸ் உனக்குப் புதிதில்லை. இந்திய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2001-ல் இதே திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். பிறகு கேரளத்துப் பள்ளிகளுக்கு லினக்ஸ் வந்தது, நீயும் அதில்தான் படித்தாய். எனக்கு அதில் இன்றும் பெருமை. ஆனால் விரல் லினக்ஸுக்குப் பழகிவிட்டதே, அங்கேதான் கவனம் வேண்டும். லினக்ஸில் 'கில்லால்' அடித்துப் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயருள்ள ப்ராசஸ் மட்டும் நிற்கும். சோலாரிஸில் அது ஷட்டவுன் நேரத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு வைத்த கமாண்ட். நீ 'பிகில்' பயன்படுத்து. 'ஹோஸ்ட்நேம்' என்பதோடு பழக்கதோஷத்தில் '-எஃப்' சேர்த்து ரூட்டாக அடித்தால், பழைய சோலாரிஸ் மெஷினின் பெயரையே '-எஃப்' என்று மாற்றிவிடும். அதனால் எந்த கமாண்டானாலும் அந்த மெஷினிலேயே 'மேன்' பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு அடி.

நீ அடிக்கடி பார்க்கப்போவது டிஸ்க் நிறைவதுதான். ஒரு துலாமாத ராத்திரி, வெளியே இடியும் மழையும். அப்போது நான் இருந்த அலுவலகத்தில் லாக் விழும் 'வார்' பார்ட்டிஷன் 100 சதவீதம் காட்டியது. பெரிய லாக் ஃபைலை அழித்தேன். 'டிஎஃப்' மறுபடியும் 100 என்றது. இன்னும் இரண்டை அழித்தேன். அதே 100. 'டியூ' போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. பதறிப்போய் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். வருடக்கணக்கில் நிற்காமல் சுழன்ற டிஸ்க் ஒன்று திரும்பச் சுழலவே இல்லை. விடியும்வரை டேப்பும் கையுமாக நின்றேன்.

யூனிக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. வாசல் பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரா? அந்த லாக்கைத் திறந்து வைத்திருந்த டீமன் அதை மூடும்வரை இடம் திரும்பாது. 'டியூ' பலகை இருக்கும் வீடுகளை மட்டும் எண்ணுகிறது, 'டிஎஃப்' ஆள் இருக்கும் வீடுகளையெல்லாம் எண்ணுகிறது. கணக்கு உதைப்பது அதனால்தான். மெஷினில் 'எல்எஸ்ஓஎஃப்' போட்டிருந்தால் '+எல்1' கொடுத்துப் பார். பெயர் அழிந்த ஃபைலை எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று காட்டும். அந்த டீமனை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் போதும். இனிமேல் ஓடுகிற லாக்கை அழிக்காதே. நகல் எடுத்துக்கொண்டு, அதே ஃபைலைக் காலியாக்கு. நகலை 'டெம்ப்' டைரக்டரியில் வைத்துவிடாதே. சோலாரிஸில் அது ஸ்வாப்பில் இருக்கிறது. நிறைந்தால் மெமரியைத் தின்னும், ரீபூட் செய்தால் நகலும் போய்விடும்.

'டிஎஃப்' இடம் இருக்கிறது என்று காட்டியும் மெஷின் இடமில்லை என்று சொன்னால், ஐநோட் தீர்ந்திருக்கிறதா பார். அனுப்ப முடியாமல் கிடக்கும் மெயில்கள் லட்சக்கணக்கில் குட்டி ஃபைலாகச் சேர்ந்திருக்கலாம். கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்க்ரிப்ட் க்ரானில் நின்றுபோகிறதா? க்ரான் உன் ப்ரொஃபைலைப் படிப்பதில்லை. கமாண்டுக்கு முழுப் பாதையையும் எழுது.

என்ன அடித்தாய், என்ன வந்தது என்று நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வை. அந்த ராத்திரி என்னிடம் நோட்டு இருந்திருந்தால் ஸ்விட்சுக்குப் போயிருக்க மாட்டேன்.

பேக்கப் தினமும் ஓடுகிறது என்று உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நாளைக்கே ஒரு டேப்பைப் போட்டு, ஒரே ஒரு ஃபைலை வேறு டைரக்டரியில் திரும்ப எடுத்துப் பார். வந்ததா இல்லையா என்று ராத்திரி எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் பண்ணு.

அன்புடன்,
மாமா