மனை ஒருவருக்கு, கூரை ஒருவருக்கு



ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். லாஸ்பேட்டையில் சொந்தக்காரர் ஒருவரின் மனை காலியாகக் கிடந்தது. "சும்மாதானே கிடக்கு, ஒரு கொட்டகை போட்டு இருந்துக்குங்க" என்று அவர் வாய்வார்த்தையாகச் சொன்னார். இவர்கள் இரும்புக் குழாய் நட்டு, ஷீட் போட்டு, தரைக்குச் சிமெண்ட் பூசிக் குடியேறினார்கள். இருபது வருடம் ஓடிவிட்டது. கரண்ட் வந்தது, வீட்டு வரியும் இவர்கள் பெயரில் கட்டுகிறார்கள். பிறகு மனைக்காரர் மௌத்தானார். வீட்டுக்காரரும் மௌத்தாகி, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்போது மனைக்காரரின் வாரிசுகள் இடத்தை விற்கப் பேசுகிறார்கள்.

"வீடு எங்களுது" என்கிறார் அந்தத் தாய். "மனை எங்களுது" என்கிறார்கள் அவர்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் எதற்கும் எழுத்து இல்லை. சொல்லத் தெரிந்த இரண்டு பேரும் மண்ணறைக்குப் போய்விட்டார்கள். இப்படி ஒரு நிலை நம் வீட்டுக்கு வராமலிருக்கத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மண்ணும் வீடும் தனித்தனி

பிரெஞ்சு சிவில் சட்டத்தில், ஒரு மனையின்மேல் நிற்கும் கட்டடம் மனைக்காரர் கட்டியதாகவே முதலில் கருதப்படும். இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1968-இல் வந்த சட்ட விரிவாக்கச் சட்டத்தின் மூலம் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் புதுச்சேரிக்கும் வந்தது. அதன் 108-ஆம் பிரிவின்படி, மனையை வாடகைக்கு எடுத்தவர் தான் கட்டியதை, இடம் தன் கையில் இருக்கும்வரை கழற்றி எடுத்துக்கொள்ளலாம். மனையை மட்டும் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதியிருந்தால் அந்த ஒப்பந்தமே செல்லும்.

ஆகவே கூரைக்காரருக்கு உரிமையே இல்லை என்பது தவறு. வீடு கட்டியதால் மண்ணும் தனக்குத்தான் என்பதும் தவறு.

கழற்றக்கூடியதா, இல்லையா?

அமெரிக்காவில் சக்கரம் வைத்த வீட்டைக் கொண்டுவந்து அடுத்தவர் நிலத்தில் நிறுத்தி வாழ்பவர்கள் பலர். அங்கே வீட்டுக்கு வண்டியைப் போலத் தனி உரிமைச் சான்று இருக்கும். நிலத்துக்கு வேறு பத்திரம். நம் ஊர் ஷீட் வீட்டுக்கு அப்படித் தனிச் சான்று இல்லை. அதனால் அது எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கல்லின்மேல் வைத்த கன்டெய்னரும், போல்ட்டைக் கழற்றினால் முழுதாக வந்துவிடும் கொட்டகையும் பெரும்பாலும் அசையும் பொருளாகவே கொள்ளப்படும். அஸ்திவாரம் போட்டு எழுப்பிய சுவர் அசையாச் சொத்து. எவ்வளவு ஆழமாகப் பதித்திருக்கிறது, நிலையாக இருக்கத்தான் பதித்தார்களா என்ற இரண்டையும் நீதிமன்றம் பார்க்கும்.

விற்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். அசையும் பொருளை ரசீது எழுதிக் கைமாற்றலாம். அசையாச் சொத்து 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வீடு வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்தக் காகிதம் எதைச் சொல்லும்?

மனை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைச் செட்டில்மென்ட் நகலும் பட்டாவும் காட்டும். அந்தப் பெயருக்கு அது எப்படி வந்தது என்பதைக் கிரயப் பத்திரமோ, பாகப் பத்திரமோ, பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரமோ சொல்லும். பதிவான அடமானமும் விற்பனையும் வில்லங்கச் சான்றில் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனைக்காரர் யார் என்று சொல்ல முடியும்.

உழவர்கரை நகராட்சி வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு ஆகியவை நாம் அங்கே குடியிருந்தோம் என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் அவை மண்ணுக்கு உரிமை தராது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்து மனை வாங்கினாலும் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாம் அதிகம் சேர்த்து வைக்காதது வேறொன்று. ஷீட்டும் குழாயும் வாங்கிய பில், கொத்தனாருக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, வீடு கட்டியபோது எடுத்த போட்டோ. வீட்டை நாம்தான் கட்டினோம் என்பதற்கு இவைதான் ஆதாரம். இன்றே தேடி ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

மூன்று தவறான நம்பிக்கைகள்

"12 வருஷம் இருந்தா இடம் நமக்குத்தான்" என்பது முதலாவது. உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவருக்கு எத்தனை வருடம் ஆனாலும் எதிரிடை அனுபவ உரிமை வராது. வழக்கில் வென்றாலும், அடுத்தவர் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாக எடுப்பதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் செய்த கடும் எச்சரிக்கையை நாம் மறக்கலாகாது.

"மனைக்காரர் கொடுத்துட்டேன்னு சொன்னாரே" என்பது இரண்டாவது. ஹிபா வாய்மொழியாகவும் செல்லும். கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், சொத்தை ஒப்படைத்தல் என்ற மூன்றும் நிறைவேறியிருக்க வேண்டும். ஆனால் "இருந்துக்குங்க" என்பது ஹிபா அல்ல, அனுமதி. உண்மையில் "கொடுத்துட்டேன்" என்று சொல்லியிருந்தாலும், அதைக் கேட்ட சாட்சி இல்லாவிட்டால் வாரிசுகளிடம் என்ன சொல்வது?

"சென்னையில் அடிமனைக் குடிகள் மனையையே வாங்கிக்கிறாங்களே" என்பது மூன்றாவது. அது 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். தமிழ்நாட்டுச் சட்டத்தை நம்பி நம் ஊரில் முடிவெடுக்கக் கூடாது. வக்ஃபு மனை என்றால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. அதைத் தனிமனை போல விலை பேச முடியாது.

எழுத வேண்டியவை

அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் தவணைக் கடனை எழுதி, சாட்சி வைக்கக் கட்டளையிடுகிறது. சொந்தக்காரருக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுகிறோம். எழுதுவது சந்தேகத்தால் அல்ல, உறவு முறியாமல் இருக்கத்தான்.

மனையின் சர்வே எண்ணும் அளவும், வீட்டை யார் எப்போது தன் செலவில் கட்டினார் என்பதும், மாத அடிமனை வாடகை எவ்வளவு அல்லது இலவசமா என்பதும், காலி செய்ய எவ்வளவு அவகாசம் என்பதும், அப்போது வீட்டைக் கழற்றிக்கொள்வதா, மனைக்காரர் விலை கொடுப்பதா என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். காலம் ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். வாடகைக்கு மாதந்தோறும் ரசீது வாங்குங்கள். எழுத்தில் எதுவுமில்லாத மாத வாடகையை 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம். வெறும் அனுமதியோ, மனையை வாங்கும் புதியவரைக் கட்டுப்படுத்தாது. முறையான குத்தகை, மனை கைமாறினாலும் தொடரும்.

மனைக்காரர் ஏற்கெனவே மௌத்தாகியிருந்தால் எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்டால் போதாது. பெண் மக்களும் வாரிசுகளே.

கூரைக்காரர் மௌத்தானால், கடன் அடைத்து வஸிய்யத்தை நிறைவேற்றிய பின் வீடோ அதன் விலையோ வாரிசுகளுக்குப் பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மண் அந்தப் பங்கில் சேராது.

முதலில் சொன்ன தாய்க்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பில்லையும் ரசீதையும் பக்கத்து வீட்டார் சாட்சியையும் திரட்டி, மனை விற்பதற்கு முன்பே எல்லா வாரிசுகளையும் ஜமாஅத்தார் முன்னிலையில் அமர்த்திப் பேச வேண்டும். வீட்டின் மதிப்பையும் காலி செய்யும் அவகாசத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். பேச்சு முறிந்தால், பெண்களுக்கு வருமான வரம்பின்றிச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் கிடைப்பார். நீதிமன்றத்துக்குப் போகாமல் யாரும் கூரையைப் பிரித்துவிடவும் முடியாது.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இன்று உயிரோடு இருக்கிறார்களா? அப்படியானால் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போய் உட்காருங்கள். அவர்கள் வாயால் சொல்வதை எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட ஏற்பாடு என்றால் அதையே பத்திரமாக்கிப் பதிவும் செய்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஸலாம் சொல்லும் நிலை நீடிக்கும்.