சதுரங்கமும் கணினியும்

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையின் பெயரால் பாரத நாட்டிலே தோன்றிப் பாரசீகத்தின் வழியே மேனாடு சென்ற விளையாட்டுச் சதுரங்கம். இதில் வல்லவர் மனிதரோ, மனிதர் ஆக்கிய கணினியோ என நம் மாணவர் பலகாலும் வினவுவர். அவ்வினாவின் விடையையும், அது கற்போர்க்கு உணர்த்தும் பொருளையும் ஈண்டு ஆராய்வோம்.

1996இல் உலக வாகையர் காஸ்பரோவ், ஐ.பி.எம். நிறுவனத்தாரின் ‘டீப் புளூ’ என்னும் கணினியைப் பிலடெல்பியா நகரில் 4–2 என வென்றார். மறு ஆண்டிலேயே, செம்மை செய்யப்பெற்ற அப்பொறி அவரை நியூயோர்க்கில் 3½–2½ என வீழ்த்தியது. வினாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அதற்கிருந்தது. 2006இல், அந்நாளைய வாகையர் கிராம்னிக், ‘டீப் பிரிட்ஸ்’ என்னும் செய்நிரலிடம் 4–2 எனத் தோற்றார். ஓர் ஆட்டத்தில், எதிரியின் அடுத்த நகர்விலேயே தம் அரசன் வீழவிருந்ததை அவர் கண்டிலர். அயர்வு மனிதர்க்கு உண்டு, பொறிக்கு இல்லை. 2017இல் ‘அல்பாசீரோ’, விதிகளை மட்டும் பெற்றுத் தன்னோடு தானே ஆடிப் பயின்று, ‘ஸ்ரொக்பிஷ்’ என்னும் வன்மைமிக்க செய்நிரலை 100 ஆட்டங்களில் 28இல் வென்றது. ஏனைய 72உம் சமனாயின. எனவே விடை தெளிவு: இன்று தலைசிறந்த கணினியைப் போட்டியில் வெல்லவல்ல மனிதர் இலர்.

அதனாற் சதுரங்கம் அழிந்ததோ? அன்று. பஸ் வண்டி நம்மினும் விரைந்து மலையேறுகின்றது என்பதற்காக நாம் ஓட்டப் போட்டியை நிறுத்தினோமில்லை. 2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் நிகழ்ந்த பதினான்காம் ஆட்டத்தில், சமநிலை குலையாதிருந்த வேளை சீன வாகையர் டிங் லிரென் 55ஆம் நகர்வில் தவறிழைத்தார். அதனைக் கண்டுகொண்ட சென்னை இளைஞர் குகேஷ், தம் 18ஆம் அகவையில் உலக வாகை சூடினார். அத்தவறு கணினிக்கு நொடியில் விளங்கும். ஆயினும் உலகம் விழித்திருந்து நோக்கியது இரு மனிதர் சிந்தனையின் போரையேயாம்.

குகேஷ் பயின்ற முறை நாம் கருதற்பாலது. அவர்தம் ஆசான் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளிற் கணினியின் துணையை விலக்கியே அவரைப் பயிற்றினார். தாமே கணித்து, தாமே தேர்ந்து, தம் பிழையைத் தாமே உணரும் பழக்கம் அவர்பால் வேரூன்றியது. கணினியின் துணை பின்னரே வந்தது.

மாணவர்களே! இன்று கட்டுரை எழுதவும் கணக்குச் செய்யவும் கைத்தொலைபேசியே போதும். வலப்பனைத் தோட்டத்து லயங்களிலும் அஃது உண்டு. அதனை வெறுத்தல் வேண்டா. ஆனால் முதலில் நீவிர் சிந்தியுங்கள். உங்கள் விடையை எழுதியபின் அதனோடு ஒப்பிடுங்கள். முன்னரே கேட்பவன் விடையைப் பெறுவான். சிந்திக்கும் ஆற்றலைப் பெறான். பரீட்சை மண்டபத்திற்கு அக்கருவி உடன் வாராது. கொழுந்துக் கூடை சுமந்து உங்களைப் படிக்க வைக்கும் தாயர் விரும்புவதும் பிறர் தந்த விடையை அன்று, உங்கள் அறிவையே.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இவ்விழா ஆண்டின் நினைவாகக் கல்லூரிக்குச் சில சதுரங்கப் பலகைகளை வழங்குவீராயின், மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் எதிரெதிர் அமர்ந்து சிந்திக்கப் பழகுவர். அது நற்பயன் தரும் கொடையாகும்.